வீட்டு வரிக்குப் பதில் வருமான வரி என்றால், பூட்டிய வீட்டுக்கு யார் கட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு வரியை அடியோடு எடுத்துவிட்டு, அவரவர் வருமானத்தில் ஒரு பங்கை நகராட்சிக்கு வரியாக வாங்கலாம் என்று உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். "வீடு சம்பாதிக்கிறதா? மனிதன்தானே சம்பாதிக்கிறான்? சம்பாதிப்பவனிடம் கேளுங்கள்" என்பது அவர் வாதம். படித்ததும் எங்கள் தெருவில் நாலைந்து பேர் அதை செல்போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் உண்டு. செட்டிநாட்டு வட்டாரத்தில் வரித் தண்டலராக, ஜனங்கள் வாயில் பில் கலெக்டராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டு வரியைத் திட்ட வேண்டும் என்றால் இன்றைக்கும் என் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறார்கள்.

அன்பரின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் 1 முதல் புது வரி. சென்னை நீங்கலான ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் போனால் 100 சதவீத உயர்வு. சென்னையின் பழைய பகுதிகளில் 150 சதவீதம் வரை போனது. இதற்கு முன் எங்கள் மாதிரி ஊர்களில் பொதுச் சீராய்வு, அதாவது எல்லா வீட்டு வரியையும் ஒரே சமயத்தில் திருத்துவது, நடந்தது 2008-இல். சென்னையில் 1998-இல். நடுவில் 2018-இல் ஒரு தடவை உயர்த்தினார்கள்; ஜனங்கள் சத்தம் போட, 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அதைப் பின்னால் வரவு வைத்தோம். பத்து, பதினைந்து வருஷம் தொடாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் இரண்டு மடங்கு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அந்த அறிவிப்புகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வாங்கிக் கட்டிக்கொண்டதும் நாங்கள்தான்.

ஆனால் கோபம் நியாயம் என்பதற்காக அன்பர் சொல்லும் மருந்தும் சரியாகிவிடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சட்டம். அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரம் ஒன்றியத்துக்கு உரியது. விவசாய வருமானம் மட்டும் மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி போடுவது மாநிலத்தின் அதிகாரம். அதைத்தான் நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆக, எங்கள் நகர்மன்றம் ஒரே மனதாகத் தீர்மானம் போட்டாலும் உள்ளூர் வருமான வரி என்று ஒன்றை வசூலிக்க முடியாது. ஒரே ஒரு சந்து மட்டும் திறந்திருக்கிறது. அதுதான் தொழில் வரி, அதாவது வேலையோ வியாபாரமோ செய்பவரிடம் உள்ளாட்சி வாங்கும் வரி. அரசமைப்பின் 276-ஆவது பிரிவு, தொழில் வரி வருமானத்தைத் தொட்டாலும் அந்தக் காரணத்துக்காகச் செல்லாமல் போகாது என்று சொல்லிவிட்டு, கையோடு ஓர் உச்சவரம்பும் வைத்திருக்கிறது. ஒரு மனிதரிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது.

இந்த 2,500 எப்போது வந்தது என்று நினைக்கிறீர்கள்? 1988-இல், அறுபதாவது திருத்தத்தில். அதற்கு முன் 250 ரூபாய். 1988-இல் 2,500 ரூபாய் இருந்தால் ஏறத்தாழ ஒரு பவுன் தங்கம் வாங்கலாம். இன்றைக்கு ஒரு பவுன் என்ன விலை என்பதை நீங்களே தினமும் போடுகிறீர்கள். உச்சவரம்பு மட்டும் அசையவே இல்லை. அதனால் என்ன ஆகிறது என்றால், அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் சென்னையில் 1,250 ரூபாய் தொழில் வரி. மாதம் பதின்மூன்றாயிரம் வாங்கும் ஜவுளிக்கடை ஊழியருக்கும் அதே 1,250 தான். மாதம் சில லட்சம் பார்க்கும் சிறப்பு மருத்துவருக்கும் அதே 1,250 தான். அன்பர் கேட்கும் உள்ளூர் வருமான வரி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. காலை மடக்கிக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கட்டை அவிழ்க்க நாடாளுமன்றத்தில் திருத்தம் வேண்டும். உச்சவரம்பை உயர்த்துங்கள் என்று அவர் எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சரி, சட்டம் மாறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பணம் யாரிடமிருந்து வரும்? தொழில் வரி வசூலித்த அனுபவத்தில் சொல்கிறேன். அரசுப் பள்ளி, வங்கி, மின்வாரிய அலுவலகம் ஆகிய இடங்களில் வரித் தண்டலருக்கு வேலையே கிடையாது. அரையாண்டு தவறாமல் சம்பளத்தில் பிடித்து, பெயர்ப்பட்டியலும் காசோலையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது ரூபாய் சுத்தமாக அதில் இருக்கும். அந்தப் பட்டியலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கடைவீதிக்குள் நுழைவேன்.

அங்கே ஒரு நகைக்கடை. முதலாளி நல்ல மனிதர், போனதும் காபி வரும். "அரையாண்டு வருமானம் எவ்வளவுண்ணு போடட்டும்ணே?" என்று கேட்டால், "என்னத்தத் தம்பி வருமானம், கடை வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் பில்லு போக என்ன நிக்குது? போன தடவை போட்டதையே போடுங்க" என்பார். போன தடவை போட்டது கீழிருந்து இரண்டாவது படி. அவர் கடையில் நகை எடுத்துக் காட்டும் பையனும் ஏறக்குறைய அதே படியில்தான் வருவான். அவருக்குப் பின்னால் சுவரில் அன்றைய தங்க விலையை எழுதிய பலகை தொங்கிக்கொண்டிருக்கும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நிரூபிக்க வழியில்லை. அவர் வருமான வரிக் கணக்கு எங்கள் அலுவலகத்துக்கு வராது. ஆனால் அவருடைய வீடு? மூன்று தெரு தள்ளி, தேக்கு வாசல் போட்டு, மொட்டை மாடியில் சோலார் வைத்து நிற்கிறது. டேப்பைப் பிடித்து அளந்தால் சதுர அடி சொல்லிவிடும். வருமானத்தை நோட்டுக்குள் ஒளிக்கலாம், வீட்டை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

அதனால்தான் வீட்டு வரியை எடுத்துவிட்டு வருமானத்துக்கு மாற்றினால் மாதச் சம்பளக்காரர்கள் முதுகில்தான் மொத்தமும் ஏறும் என்கிறேன். அன்பர் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று எழுதியிருந்தார். பணியில் இருக்கும் ஆசிரியர்களிடம் அவர் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பலரும் எழுதியாகிவிட்டது. பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவர் என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் வர்ணனை எல்லாருக்கும் தெரியும். வரித் தண்டலருக்கு அந்த வீடு வேறு மாதிரித் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முகப்பு, முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று அளந்துகொண்டே போனால் டேப் பத்தாது. ஒரே வரி விதிப்பு எண். ஆனால் உரிமைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமாகித் தனிக் குடும்பமான ஒவ்வொருவருக்கும், வளவில் ஓர் அறை, அதற்கு ஒரு பூட்டு. ஒருவர் சென்னையில் ஆடிட்டர், ஒருவர் கோவையில் மில், ஒருவர் சிங்கப்பூரில் கணினி வேலை, இன்னொருவர் கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் மட்டும் வருவார். வீட்டில் நிரந்தரமாக இருப்பவர் திண்ணையில் படுக்கும் காவல்காரர் ஒருவர்தான். சில வீடுகளில் அவரும் இல்லை.

இப்போது அன்பரின் திட்டத்தை இந்தத் தெருவில் போட்டுப் பாருங்கள். வருமானம் எங்கே சம்பாதிக்கப்படுகிறதோ, அல்லது ஆள் எங்கே குடியிருக்கிறாரோ அந்த ஊருக்குத்தான் உள்ளூர் வருமான வரி போகும். சென்னை ஆடிட்டரின் வரி சென்னைக்கு. மில்காரர் வரி கோவைக்கு. சிங்கப்பூர்க்காரர் அங்கே சம்பாதிப்பதில் இந்திய அரசாங்கத்துக்கே பங்கு கிடையாது, எங்கள் நகராட்சிக்கு எங்கிருந்து வரும்? ஆக, தெருவை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த வீடு நகராட்சிக்குச் சல்லிக்காசு தராது. தரவேண்டியதெல்லாம் காவல்காரர் சம்பளத்திலிருந்து வந்தால் உண்டு.

ஆனால் அந்த வீட்டுக்கு முன்னால் தெருவிளக்கு எரிகிறது. வாய்க்கால் ஓடுகிறது. ஒரு வீட்டின் முன்புறமும் பின்புறமும் இரண்டு தெரு என்றால், நகராட்சிக்கு இரண்டு தெரு வாய்க்காலும் சுத்தம் செய்யும் வேலை. மழை பெய்தால் அந்த வளவின் நடுமுற்றத்துத் தண்ணீர் ஊருணிக்குப் போகும்படி அந்தக் காலத்தில் கட்டினார்கள். இன்றைக்கு வரத்துக்கால் எல்லாம் மண் மூடிக் கிடக்கிறது, தூர்வார வேண்டியது நகராட்சி. டெங்கு காலத்தில் இன்னொரு கூத்து. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைப் பார்ப்பார்கள். பூட்டிய வீட்டு முற்றத்தில் என்ன தேங்கி நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? சாவி சென்னையில். போன் போட்டு, அவர் இன்னொரு பங்காளிக்குப் போன் போட்டு, கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து யாரோ சாவி கொண்டுவந்து திறப்பதற்குள் நாலு நாள் ஓடிவிடும். அதுவரை பக்கத்தில் குடியிருப்பவன் கொசுக்கடி படுகிறான். ஊருக்குச் செலவு வைப்பதில் ஆள் இருக்கும் வீடும் ஆள் இல்லாத வீடும் ஒன்றுதான்.

அந்தப் பங்காளிகள் வரி கட்டாமல் ஏய்ப்பவர்கள் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் ஒழுங்காகக் கட்டுவார்கள். பொதுப்பணம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், யாராவது ஒரு பெரியவர் அதைப் பார்த்துக்கொள்வார். ஏப்ரல் முப்பதுக்குள்ளும் அக்டோபர் முப்பதுக்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்று தெரிந்து, சரியாக அதற்குள் இணையத்தில் கட்டிவிடுகிறவர்கள் பலர். ஊரில் கால் வைத்து வருஷங்கள் ஆன மனிதர்களிடம் இருந்து ஊருக்குப் பணம் வருகிறது என்றால் அது இந்த ஒரு வரியால்தான் வருகிறது. அதை எடுத்துவிட்டு எங்கள் ஊர் எதை வைத்துப் பிழைக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டு வரியோடு ஒட்டிக்கொண்டு நூலக வரி போகிறது, ரூபாய்க்கு 10 காசு. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து இருக்கிற ஏற்பாடு இது. ரசீதில் அந்த வரியை யாரும் கவனிப்பதில்லை. வீட்டு வரி போனால் அதுவும் சேர்ந்து போகும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடிக்கும் எங்கள் கிளை நூலகத்தைப் பற்றி அன்பர் யோசித்திருக்க மாட்டார், யாருமே யோசிப்பதில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, அன்பர் பக்கம் இருக்கும் நியாயத்தை மறைத்தால் அது அழகில்லை. அந்த நியாயத்துக்கு ஒரு முகம் உண்டு. ஓர் ஆச்சியின் முகம்.

அவர்கள் வீடும் அப்படிப்பட்ட பெரிய வீடுதான். பங்குகள் பிரிந்து, சிலர் விட்டுக்கொடுத்து, கடைசியில் ஆச்சி பேரிலேயே வந்துவிட்டது. செட்டியார் போய் வெகுகாலம் ஆயிற்று. மகன் அனுப்பும் பணத்தில் சீவனம். அத்தனை பெரிய வீட்டில் ஆச்சி புழங்குவது இரண்டாங்கட்டில் ஓர் அறையும் அதை ஒட்டிய தாழ்வாரமும்தான். மற்றதெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். முகப்பில் ஓர் ஓட்டு வரிசை சரிந்து, நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். 2022-இல் அந்த அறிவிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்கள். 1,800 சதுர அடிக்கு மேல் என்பதால் நூறு சதவீதம்.

"ஏன் தம்பி, நான் இருக்கிறது ஒரு ரூம்புல. மத்த ரூம்புக்கெல்லாம் யாரு இருக்காகண்ணு வரி கேக்குறாக?"

"ஆச்சி, கட்டடத்துக்குத்தான் வரி. ஆளுக்கு இல்ல. பழைய கட்டடம்ணு கழிவு குடுத்திருக்கு."

"கழிவு குடுத்து இம்புட்டா?" என்றார்கள். அப்புறம் அவர்களே, "வாடகைக்கு விட்டா வருமானம் வரும்பீக. இந்த வீட்டுக்கு யாரு தம்பி வாடகைக்கு வருவா? வந்தா சினிமாக்காரன்தான் வருவான், தரையெல்லாம் ஆணி அடிச்சிட்டுப் போவான்" என்று சிரித்தார்கள். காசு எடுத்து வந்து கட்டினார்கள்தான். அடுத்த அரையாண்டுக்குப் போனபோது இரண்டாங்கட்டில் நின்ற மரத்தூண்களில் இரண்டைக் காணோம். அந்த இடத்தில் செங்கல் வைத்துக் கட்டியிருந்தது. பழைய சாமான் வாங்கும் வியாபாரி நல்ல விலை கொடுத்தாராம். தீர்வைக்கும் ஓடு மாற்றவும் ஆயிற்று என்றார்கள்.

எங்கள் பக்கம் இப்படித்தான் வீடுகள் கரைகின்றன. தூணில் ஆரம்பிக்கும், அப்புறம் கதவு, கடைசியில் நிலையோடு பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள். செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தாயிற்று என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஆச்சியின் மரத்தூணுக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே, வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை என்ற நிலை உண்மைதான். அதைப் பார்க்காமல் சதுர அடியை மட்டும் பார்க்கும் வரியில் ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. ஆனால் அதே தெருவில் ஆச்சி வீட்டுக்கு எதிரே ஒரு பெரிய வீடு விடுதியாகிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். ஓர் இரவுக்கு வாங்கும் வாடகை ஆச்சியின் ஒரு மாதச் செலவு. வணிகப் பயன்பாட்டு வரி போட வேண்டிய அந்தக் கட்டடம் வெகுநாள் குடியிருப்பு என்றே பதிவில் கிடந்தது. மின் இணைப்பு எந்தக் கட்டண வகையில் இருக்கிறது என்று அட்டையை வாங்கிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் விஷயம். இதையெல்லாம் சரி செய்தாலே ஆச்சியிடம் அவ்வளவு இறுக்க வேண்டியிருக்காது.

வெளிநாட்டில் எப்படி என்று அன்பர் உதாரணம் காட்டியிருந்தார். சுவீடனில் வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருக்கிறார்களாம். இருக்கலாம். அங்கே வருமானத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போகிறது. அதை வைத்து அந்த உள்ளாட்சிகள் பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, மருத்துவமனை வரை நடத்துகின்றன. யார் எங்கே என்ன சம்பாதிக்கிறார் என்று நாட்டின் வரித் துறைக்குத் தெரியும். அப்படியிருந்தும் வீட்டுக்கு ஒரு கட்டணம் அங்கே இன்றும் உண்டு. 2008-இல் தேசிய வரியாக இருந்ததை உள்ளாட்சிக் கட்டணமாக மாற்றினார்கள், எடுத்துவிடவில்லை.

பிரிட்டன் கதைதான் நமக்குப் பக்கத்தில் வரும். தாட்சர் அம்மையார் பிரதமராக இருந்த காலத்தில் வீட்டு வரியை எடுத்துவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரியைக் கொண்டுவந்தார்கள். ஸ்காட்லாந்தில் 1989, இங்கிலாந்தில் 1990. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரமே நடந்தது, அந்த வருஷ நவம்பரில் அவர் பதவியை விட்டார். 1993-இல் மறுபடி வீட்டு மதிப்பை வைத்துத்தான் வரி வந்தது. ஸ்காட்லாந்தில் 2007-இல் ஆட்சிக்கு வந்த கட்சி, அதை எடுத்துவிட்டு வருமானத்தில் பவுண்டுக்கு 3 பென்ஸ் வாங்கப் போகிறோம் என்று வாக்குறுதி கொடுத்தது. 2009-இல் கைவிட்டுவிட்டது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் ஆதரவு இல்லை, லண்டனில் இருந்து வரும் மானியமும் நின்றுவிடும் என்ற நிலை. இதில் நம் ஊருக்குப் பாடமாக எனக்குப் படுவது வேறொன்று. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இன்றுவரை 1991-ஆம் ஆண்டு வீட்டு மதிப்பை வைத்துத்தான் வரி போடுகிறார்கள். திருத்தினால் ஓட்டுப் போகும் என்று எல்லா ஆட்சிக்கும் பயம். நாம் சென்னையில் 1998-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதே பயம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 2006-இல் ஒரு சட்டம் போட்டு, பள்ளிகளுக்கான வீட்டு வரியைக் குறைத்து வருமான வரியைக் கூட்டலாமா என்று 2007 மே மாதம் ஊர் ஊராக வாக்கெடுப்பே நடத்தினார்கள். சம்பளத்துக்கு வரி, ஓய்வூதியத்துக்கும் வட்டிக்கும் கிடையாது என்ற வகை வரி அங்கே உண்டு. வீட்டு வரியைத் தினமும் திட்டிக்கொண்டிருந்த அந்த ஜனங்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களைத் தவிர, வேண்டாம் என்று வாக்களித்துவிட்டார்கள்.

அப்படியென்றால் ஆச்சிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது, எங்கள் அலுவலகத்து நடைமுறையிலேயே பாதி இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் பெயர் மாற்றம் கேட்டு யார் வந்தாலும், நிலுவை இருந்தால் அதைக் கட்டிய பிறகுதான் பெயர் மாற்றுகிறோம். கிரயம் பண்ணினாலும் சரி, வாரிசுக்குப் போனாலும் சரி, அந்த ஒரு வாசலைத் தாண்டாமல் வீடு கை மாறாது. அந்த வாசலில் வைத்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாமே! அறுபது வயதைக் கடந்தவர், அந்த வீட்டிலேயே குடியிருப்பவர், வேறு வீடு இல்லாதவர், வீட்டின் எந்தப் பகுதியையும் வாடகைக்கோ விடுதிக்கோ விடாதவர். இப்படிப்பட்டவர் விரும்பினால் வரியைத் தள்ளிவைத்துக்கொள்ளட்டும். தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்பு. வீட்டின் மேல் கணக்காக ஏறிக்கொண்டே வரட்டும், குறைந்த வட்டியோடு. பின்னால் வீடு யார் கைக்குப் போகிறதோ அவர் கட்டட்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 55 வயதைக் கடந்த வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு வெகுகாலமாக நடக்கிறது.

இப்போது நம் விதியில் என்ன இருக்கிறது? அரையாண்டுக்குள் கட்டாவிட்டால் மாதம் ஒரு சதவீதம் தனி வட்டி. வசதி இருந்தும் கட்டாமல் இழுத்தடிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒரு சதவீதம், ஆச்சிக்கும் ஒரு சதவீதம். மண்டபத்துக்கு இன்னும் கூட்டுங்கள், யாரும் அழப் போவதில்லை. ஆச்சிக்கு அதை வங்கி வைப்புத்தொகை வட்டி அளவுக்காவது இறக்குங்கள்.

மகன் சொத்தை அனுபவிக்கப் போகிறான், அம்மாவின் வரியை அவன் இப்போதே கட்டட்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். கட்டுகிற மகன் கட்டட்டும், யார் வேண்டாம் என்றது? கட்டாத மகன்களும் இருக்கிறார்கள். நான் பார்த்த வரையில் அம்மா வரி கேட்டால் அனுப்பாதவன், பெயர் மாற்றத்துக்கு மட்டும் விமானம் பிடித்து வந்து நிற்பான். அவனிடம் அன்றைக்கு வாங்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வரி உயர்வைப் பொறுத்தவரை இன்னொன்று. 2023-க்குப் பிறகு ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற கணக்கு வந்திருக்கிறது; சென்னையில் 2024 அக்டோபர் அரையாண்டு முதல் கூட்டினார்கள். அதற்கும் எதிர்ப்புக் கிளம்பியது. ஜனங்கள் என்னைத் திட்டினாலும் சரி, இதை நான் ஆதரிக்கிறேன். வருஷா வருஷம் கொஞ்சம் ஏறினால் வீட்டுச் செலவுக் கணக்கில் அதற்கு இடம் போட்டு வைக்கலாம். பதினான்கு வருஷம் கழித்து ஒரே அடியாக நூறு சதவீதம் என்ற அறிவிப்பை வாசலில் நின்று கொடுத்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் 1,800 சதுர அடியில் ஒரு கோடு கிழித்து, 1,801-க்குப் போனதும் நேராக நூறு என்று தாவியதே, அந்த மாதிரி வெட்டு இனி வேண்டாம். வருமான வரியில் படிப்படியாக ஏறுவது போல முதல் 600 சதுர அடிக்கு ஒரு விகிதம், அதற்கு மேலுள்ள அடிக்கு மட்டும் அடுத்த விகிதம் என்று வைத்தால் பாதி மேல்முறையீடு குறைந்துவிடும்.

தள்ளிவைப்பதால் நகராட்சிக்கு அந்த ஆண்டுகளில் வரவு குறையும் என்று ஆணையர்கள் சொல்வார்கள். கொஞ்சம் குறையும். அந்தத் தொகையை மாநில அரசு முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தின்போது வருவதில் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி விதிகளில் மாநில அரசு ஒரு விதியைச் சேர்த்தால் நடக்கும். யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதி வைக்கும் கேட்புப் பதிவேட்டில் நடப்பு, நிலுவை என்று இரண்டு பத்தி இருக்கிறது. மூன்றாவதாகத் தள்ளிவைப்பு என்று ஒரு பத்தி கணினியில் கூட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரித் தண்டலர்,
சிவகங்கை மாவட்டம்.